இல்லாத அரே மெத்தட்களைப் பழைய பிரவுசருக்குச் சேர்ப்பது: புரோட்டோடைப்பில் கை வைக்கலாமா?

#1 · கோடுமுனி

வணக்கம். எங்கள் தளத்தைப் பழைய டேப்லெட்டில் திறக்கும் சிலருக்குப் பக்கம் பாதியிலேயே நின்றுவிடுகிறது. கன்சோலில் 'அட் என்பது ஃபங்ஷன் அல்ல' என்று டைப்எரர். விசாரித்ததில் எல்லாமே சஃபாரி 14. அரேயின் கடைசி உறுப்பை எடுக்க அட் மெத்தடுக்கு மைனஸ் ஒன்று கொடுத்திருக்கும் இடங்கள்தான் விழுகின்றன.

பில்டில் பேபல் (புதிய ஜாவாஸ்கிரிப்டைப் பழைய பிரவுசருக்கேற்ப மாற்றும் கருவி) இருக்கிறது. டார்கெட் பட்டியலில் சஃபாரி 14ம் இருக்கிறது. அப்புறம் எப்படி இது தப்பித்தது?

அவசரத்துக்கு, அரேயின் புரோட்டோடைப்பில் (எல்லா அரேக்களும் தங்கள் மெத்தட்களைப் பெறும் பொது ஆப்ஜெக்ட்) அட் இல்லையென்றால் நாமே ஒரு ஃபங்ஷனை அதில் அசைன் செய்துவிடும் நான்கு வரியைச் சேர்த்தோம். எரர் நின்றது. ஆனால் வேறொரு பக்கத்தில் இருக்கும் டிராப்டவுனின் அடியில் புதிதாக ஒரு வரி முளைத்திருக்கிறது. அதில் தெரிவது அந்த ஃபங்ஷனின் கோடேதான், எழுத்துக்கு எழுத்து! அதுவும் சஃபாரி 14இல் மட்டும்.

டீமில் மூத்தவர் ஒருவர் "புரோட்டோடைப்பைத் தொடவே கூடாது" என்கிறார். இன்னொருவர் "எல்லா லைப்ரரியும் அதைத்தானே செய்கிறது" என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

#2 · அரைப்புள்ளி

பேபல் கேள்விக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன், மற்றதைப் பெரியவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

பேபல் இயல்பாகச் செய்வது சின்டாக்ஸ் மாற்றம். ஆரோ ஃபங்ஷன், ஆப்ஷனல் செயினிங், ஸ்பிரெட் போன்றவை மொழியின் இலக்கணம். அவற்றைப் பழைய இலக்கணத்தில் திருப்பி எழுதிவிடலாம். அட் அப்படியில்லை. பார்சருக்கு அது வெறும் பிராப்பர்ட்டி பெயர். புள்ளி, பெயர், அடைப்புக்குறி: 1990களின் பிரவுசருக்கும் புரிகிற இலக்கணம். பெயரைத் தேடும்போது அங்கே எதுவும் இல்லை என்பது ஓடும்போதுதான் தெரியவரும்.

இன்னொரு சிக்கல்: புள்ளிக்கு இடப்பக்கம் இருப்பது அரேயா, ஸ்டிரிங்கா, நீங்களே எழுதிய கிளாஸா என்று பேபலுக்குத் தெரியாது. அட் ஸ்டிரிங்குக்கும் உண்டு, இன்க்ளூட்ஸும் அப்படித்தான்.

பேபலின் பிரீசெட்-என்வ் அமைப்பில் யூஸ்பில்ட்இன்ஸ் என்று ஒன்று இருக்கும், பாருங்கள். சொல்லாவிட்டால் அது ஃபால்ஸ். 'யூசேஜ்' என்று வைத்து, கோர்-ஜேஎஸ் (பாலிஃபில்களின், அதாவது பிரவுசரில் இல்லாத மெத்தடுக்கு ஈடாகச் சேர்க்கும் கோடுகளின், தொகுப்பு) பதிப்பையும் குறிப்பிட்டால், அட் என்ற பெயரை எங்கே பார்த்தாலும் அதற்கான பாலிஃபில்லை இம்போர்ட் செய்துவிடும். இடப்பக்கம் இருப்பது என்னவென்று தெரியாததால் எதற்கும் இருக்கட்டும் என்று கொஞ்சம் அதிகமாகவே சேர்க்கும். நோட் மாட்யூல்ஸ் ஃபோல்டரைப் பேபல் வழியாக அனுப்பாமல் விட்டிருந்தால், அதற்குள் இருக்கும் பேக்கேஜ்கள் எதைப் பயன்படுத்துகின்றன என்பது யூசேஜின் கண்ணில் படாது. பலர் இங்கேதான் மாட்டுகிறார்கள்.

#3 · பழுப்புத்திரை

டிராப்டவுன் பேய்க்கு நான் வருகிறேன். அந்தப் பக்கத்தின் கோடில் அரே ஒன்றை ஃபார்-இன் லூப்பால் சுற்றியிருப்பார்கள். பந்தயம் கட்டலாம்.

ஃபார்-இன் என்பது இண்டெக்ஸ்களுக்கான லூப் அல்ல. அந்த ஆப்ஜெக்டிலும் அதன் புரோட்டோடைப் சங்கிலி முழுவதிலும் எண்ணத்தக்கதாக, அதாவது எனுமரபிளாக, இருக்கும் பிராப்பர்ட்டி பெயர்கள் எல்லாவற்றையும் அது கொடுக்கும். சாதாரண சமக்குறி போட்டு நீங்கள் அசைன் செய்த எதுவும் எனுமரபிள். ஆகவே பூஜ்ஜியம், ஒன்று, இரண்டு என்று வந்து கடைசியில் 'அட்' என்றும் ஒரு சாவி வரும். அதன் மதிப்பை ஸ்டிரிங்காக்கினால் ஃபங்ஷனின் கோடுதான் கிடைக்கும். நேட்டிவ் அட், அதாவது பிரவுசரோடு வந்த அட், இருக்கும் பிரவுசரில் உங்கள் நான்கு வரி ஓடுவதேயில்லை. அதனால்தான் பேய் பழைய சாதனத்தில் மட்டும் ஆடுகிறது.

இதற்கு மருந்து ஆப்ஜெக்டின் டிஃபைன்பிராப்பர்ட்டி. வேல்யூவாக ஃபங்ஷனைக் கொடுங்கள். ரைட்டபிள் ட்ரூ, கான்ஃபிகரபிள் ட்ரூ, எனுமரபிள் ஃபால்ஸ். இந்த மூன்றையும் வாயைத் திறந்து சொல்லிவிடுவது நல்லது. சொல்லாமல் விட்டால் மூன்றுமே ஃபால்ஸாகிவிடும். பிறகு வேறொரு பாலிஃபில் வந்து சரியானதை வைக்க நினைத்தாலும் முடியாது. நேட்டிவ் மெத்தட்கள் எல்லாமே ட்ரூ, ட்ரூ, ஃபால்ஸ் என்ற அமைப்பில்தான் இருக்கின்றன, நாமும் அதையே வைப்போம்.

இன்று இந்த வசதி இருப்பதால் பேச்சு சுலபமாக முடிகிறது. ஒரு காலத்தில் இந்த மருந்தே கிடையாது. 2005இல் ஃபயர்ஃபாக்ஸ் 1.5 வந்தபோது இண்டெக்ஸ்ஆஃப், ஃபார்ஈச், மேப், ஃபில்டர், எவ்ரி, சம் எல்லாம் அதில் வந்துவிட்டன. எக்மாஸ்கிரிப்ட் 5 (ஜாவாஸ்கிரிப்டின் தரநிலை) அவற்றை 2009 டிசம்பரில்தான் தரநிலையாக்கியது. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் அவற்றைக் கொடுத்தது 2011இல், 9ஆம் பதிப்பில். இடைப்பட்ட ஆண்டுகளில் இண்டெக்ஸ்ஆஃபை நாமே எழுதாத புராஜெக்ட் கிடையாது. எக்ஸ்ப்ளோரர் 8இல் டிஃபைன்பிராப்பர்ட்டி என்ற பெயர் இருக்கும், ஆனால் டாம் ஆப்ஜெக்ட்களில் (பக்கத்தின் உறுப்புகளைக் குறிப்பவை) மட்டும் வேலை செய்யும். அரேயின் புரோட்டோடைப்பில் போட்டால் எரர். ஆகவே சேர்த்தால் எனுமரபிளாகத்தான் சேர்க்க முடியும், ஃபார்-இன் போட்டவர்கள் எல்லோரும் ஹேஸ்ஓன்பிராப்பர்ட்டி சோதனை வைத்துக்கொள்ள வேண்டும். உங்கள் மூத்தவரின் பயம் அந்தக் காலத்தில் பிறந்ததாக இருக்கலாம், காரணமில்லாத பயமில்லை.

இன்னும் பின்னால் போனால், புஷ், பாப், ஸ்ப்ளைஸ் ஆகியவையே எக்ஸ்ப்ளோரர் 5.5 வரும்வரை அதில் கிடையாது. புஷ் இல்லாத அரே! இன்றைய பிள்ளைகளிடம் சொன்னால் கதை விடுகிறேன் என்பார்கள்.

#4 · வெற்றுவரிசை

நான் அந்த மூத்தவர் பக்கம். எனுமரபிள் ஃபால்ஸ் போட்டுவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்பது பாதி உண்மைதான். அரேயின் புரோட்டோடைப் உங்கள் ஒருவருடைய சொத்தல்ல; அந்தப் பக்கத்தில் ஓடும் எல்லாக் கோடுக்கும் பொது.

புரோட்டோடைப் ஜேஎஸ் லைப்ரரியை நினைத்துப்பாருங்கள். அரேக்கு ரெடியூஸ் என்று ஒன்றைச் சேர்த்திருந்தார்கள். அது செய்தது என்ன? ஒரே உறுப்பு இருந்தால் அந்த உறுப்பையும் ஒன்றுக்கு மேல் இருந்தால் அரேயையும் திருப்பிக் கொடுத்தது. பிற்பாடு தரநிலையில் வந்த ரெடியூஸுக்கும் இதற்கும் பெயரைத் தவிர ஒட்டும் இல்லை உறவும் இல்லை. டுஜேசன் என்றும் ஒன்றைச் சேர்த்தார்கள். பிரவுசர்களில் நேட்டிவ் ஜேசன் வந்தபோது, ஸ்டிரிங்கிஃபை அந்த டுஜேசனைக் கூப்பிட்டது. அது ஏற்கெனவே ஸ்டிரிங்காக்கிக் கொடுத்ததை இது மறுபடி ஸ்டிரிங்காக்கியது. சர்வருக்கு அரே போக வேண்டிய இடத்தில் மேற்கோள்குறிக்குள் அடைபட்ட அரே போனது.

மூடூல்ஸ் என்ற இன்னொரு லைப்ரரியின் கதை இன்னும் மோசம். ஒரு லைப்ரரி புரோட்டோடைப்பில் கை வைத்ததால் மொழியே தன் பெயர்களை மாற்றிக்கொள்ள வேண்டிவந்தது. இன்க்ளூட்ஸ் முதலில் கன்டெய்ன்ஸ் என்றுதான் வர இருந்தது. ஃபிளாட் முதலில் ஃபிளாட்டன்.

கடைசி உறுப்பு வேண்டுமா? 'கடைசி' என்று ஒரு ஃபங்ஷன் எழுதி அரேயை அதற்குள் கொடுங்கள். யாருக்கும் தொந்தரவில்லை.

#5 · பழுப்புத்திரை

> அரேயின் புரோட்டோடைப் உங்கள் ஒருவருடைய சொத்தல்ல

ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நீங்கள் காட்டிய எல்லா உதாரணங்களிலும் நடந்தது ஒன்றே: லைப்ரரிக்காரர்கள் *தாங்களே யோசித்த* மெத்தடைச் சேர்த்தார்கள். தரநிலையில் அப்போது அப்படி எதுவும் கிடையாது. பின்னால் தரநிலை அதே பெயரில் வேறொன்றைக் கொண்டுவந்தபோது மோதல். பாலிஃபில் செய்வது இதற்கு நேர்மாறு. தரநிலை முடிவாகிவிட்டது, பாதிப் பிரவுசர்களில் இருக்கிறது, மீதியில் இல்லை. இல்லாத இடத்தில் அதே நடத்தையுடன் வைக்கிறோம். இரண்டையும் ஒரே தட்டில் வைப்பது நியாயமில்லை.

மூடூல்ஸ் விஷயத்தை விவரமாகவே சொல்லிவிடலாம், எனுமரபிள் பேச்சுக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு உண்டு. 2018 மார்ச்சில் ஃபயர்ஃபாக்ஸின் சோதனைப் பதிப்பில் நேட்டிவ் ஃபிளாட்டன் வந்ததும் ஒரு தளம் உடைந்தது. பழைய மூடூல்ஸ், நேட்டிவ் இருக்கிறதா என்று பார்க்காமல் தன் ஃபிளாட்டனை அரேயின் புரோட்டோடைப்பில் அசைன் செய்யும். சரி, தன்னுடையதுதானே அங்கே உட்காரும், அப்புறம் என்ன பிரச்சினை? இதுதான்: ஏற்கெனவே இருக்கும் பிராப்பர்ட்டியின் மேல் அசைன் செய்தால் மதிப்பு மட்டும் மாறும், எனுமரபிள் நிலை மாறாது. நேட்டிவ் அங்கே எனுமரபிள் ஃபால்ஸாக இருந்ததால் மூடூல்ஸின் ஃபிளாட்டனும் மறைவாகவே இருந்துவிட்டது. பிறகு மூடூல்ஸ் தன் எலிமெண்ட்ஸ் வகைக்கு அரே மெத்தட்களை ஃபார்-இன் போட்டுக் காப்பி செய்யும். ஃபிளாட்டன் அந்த லூப்பில் வரவில்லை, எலிமெண்ட்ஸுக்குப் போய்ச் சேரவில்லை, தளம் விழுந்தது. கோடுமுனியின் டிராப்டவுனில் வேண்டாத பெயர் வந்தது. இங்கே வேண்டிய பெயர் வராமல் போனது.

அந்த மெத்தடை முன்மொழிந்தவர் விளையாட்டாக 'ஸ்மூஷ்' என்று பெயர் மாற்றலாம் என்று எழுத, வலையுலகமே அதைப் பிடித்துக்கொண்டு சண்டை போட்டது. கடைசியில் ஜாவாஸ்கிரிப்ட் தரநிலையை வகுக்கும் டிசி39 குழு ஃபிளாட் என்று முடிவு செய்து, எக்மாஸ்கிரிப்ட் 2019இல் சேர்த்தது.

ஆக என் எல்லைக்கோடு இது: தரநிலையில் இடம்பெற்ற மெத்தடா? புரோட்டோடைப்பில் வைக்கலாம், ஆனால் நடத்தை அச்சு அசலாக இருக்க வேண்டும். உங்கள் சொந்தச் சரக்கா, இன்னும் முன்மொழிவு நிலையில் இருப்பதா? தனி ஃபங்ஷன்.

#6 · வெற்றுவரிசை

"அச்சு அசலாக" என்பதில்தான் எனக்கு நம்பிக்கையில்லை. எத்தனை பேர் ஸ்பெக்கை (தரநிலை ஆவணத்தை) படித்துவிட்டு எழுதுகிறார்கள்? கோடுமுனி, உங்கள் நான்கு வரியை இங்கே சொல்லுங்களேன்.

#7 · கோடுமுனி

கொடுத்த எண் பூஜ்ஜியத்துக்குக் கீழே இருந்தால் லெங்த்தோடு கூட்டு. வரும் இண்டெக்ஸில் இருப்பதைத் திருப்பிக் கொடு. அவ்வளவுதான். (ஃபார்-இன் பந்தயத்தில் பழுப்புத்திரை ஜெயித்துவிட்டார்.)

#8 · சுழல்நேசி

வெற்றுவரிசை கேட்டது நியாயமான கேள்வி. அந்த நான்கு வரி எங்கெங்கே நேட்டிவ்விலிருந்து விலகுகிறது என்று பார்ப்போம். அட் மிகச் சின்ன மெத்தட், அதிலேயே இவ்வளவு இருக்கிறது.

எதுவும் கொடுக்காமல் அட் கூப்பிட்டால் நேட்டிவ் முதல் உறுப்பைத் தரும், ஏனென்றால் அன்டிஃபைண்ட் எண்ணாக மாறும்போது 'நான்' (NaN, 'எண் அல்ல' என்ற மதிப்பு), அதிலிருந்து பூஜ்ஜியம். உங்களுடையது 'அன்டிஃபைண்ட்' என்ற பெயருள்ள பிராப்பர்ட்டியைத் தேடும்.

மைனஸ் ஒன்றை ஸ்டிரிங்காகக் கொடுத்தால்? நேட்டிவ் அதை எண்ணாக்கிவிட்டுக் கடைசி உறுப்பைத் தரும். உங்களுடையதில் லெங்த் 3 என்றால், கூட்டல் ஒட்டலாக மாறி '3-1' என்ற சாவியைத் தேடும்.

1.7 கொடுத்தால் நேட்டிவ் பின்னத்தை வெட்டிவிட்டு இண்டெக்ஸ் ஒன்றைத் தரும். மைனஸ் 0.5 இன்னும் சுவாரசியம்: வெட்டினால் பூஜ்ஜியம், ஆக முதல் உறுப்பு. அதனால் வெட்டுவதை *முதலில்* செய்ய வேண்டும், எதிர்மறையா என்ற சோதனை அதற்குப் பிறகு. வரிசை மாறினால் விடை மாறும்.

மூன்று உறுப்புள்ள அரேயில் மைனஸ் ஐந்து கொடுத்தால் அன்டிஃபைண்ட் வர வேண்டும். உங்கள் கோடு மைனஸ் இரண்டு என்ற சாவியைத் தேடும். பெரும்பாலும் அன்டிஃபைண்ட்தான் வரும், ஆனால் யாராவது அந்தப் பெயரில் பிராப்பர்ட்டி வைத்திருந்தால் அது வந்துவிடும். வரம்பைச் சோதித்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பதே சரி.

அப்புறம் ஒன்று, யாரும் சொல்லவில்லை: இதை ஆரோ ஃபங்ஷனாக எழுதாதீர்கள். ஆரோவுக்குத் தனி 'திஸ்' கிடையாது. லின்டர் தானாக மாற்றிவைத்த ஆரோவால் பாலிஃபில் செத்ததைப் பார்த்திருக்கிறேன்.

பெரிய மெத்தட்களுக்குப் போனால் வலை இன்னும் சிக்கலாகும். அரேயில் ஓட்டைகள் இருக்கலாம், அதாவது லெங்த் ஐந்து, ஆனால் இண்டெக்ஸ் இரண்டில் எதுவுமே இல்லை. ஃபார்ஈச், மேப், ஃபில்டர், சம், எவ்ரி, ரெடியூஸ், இண்டெக்ஸ்ஆஃப் ஆகியவை ஓட்டையைத் தாண்டிப் போகும். 'இன்' ஆபரேட்டரால் சோதித்துவிட்டே கால்பேக்கை (ஒவ்வொரு உறுப்புக்கும் ஓட நாம் கொடுக்கும் ஃபங்ஷனை) கூப்பிட வேண்டும். ஃபைண்ட், ஃபைண்ட்லாஸ்ட், இன்க்ளூட்ஸ் தாண்டாது. ஓட்டையை அன்டிஃபைண்டாகக் கருதிக் கால்பேக்குக்குக் கொடுக்கும் அல்லது ஒப்பிடும். மேப்பின் பாலிஃபில்லைக் காப்பி செய்து ஃபைண்ட்லாஸ்ட் எழுதுகிறவர்கள் இங்கே தவறுகிறார்கள்.

லெங்த்தைத் தொடக்கத்திலேயே எடுத்துவைத்துக்கொள்ள வேண்டும். கால்பேக் உள்ளேயே புஷ் செய்தால், ஒவ்வொரு சுற்றிலும் லெங்த் பார்க்கும் லூப் முடிவே இல்லாமல் ஓடும், நேட்டிவ் ஓடாது. கால்பேக் ஃபங்ஷன்தானா என்ற சோதனை காலி அரேயிலும் நடக்க வேண்டும், இல்லாவிட்டால் டைப்எரர் வர வேண்டிய இடத்தில் மௌனமாகப் போய்விடும்.

இன்க்ளூட்ஸை 'இண்டெக்ஸ்ஆஃப் மைனஸ் ஒன்று இல்லை' என்று ஒரே வரியில் எழுதும் பாலிஃபில் வலையெங்கும் கிடக்கிறது. அது தவறு. இண்டெக்ஸ்ஆஃப் கறாரான சமத்துவத்தைப் பயன்படுத்துவதால் NaN-ஐக் கண்டுபிடிக்காது; இன்க்ளூட்ஸ் கண்டுபிடிக்க வேண்டும். ஓட்டை விஷயத்திலும் இரண்டும் வேறு.

டுசார்ட்டடை (வரிசைப்படுத்திய நகலைத் தரும் மெத்தட்) 'ஸ்லைஸ் எடுத்து சார்ட்' என்று எழுதுவதும் கிட்டத்தட்ட சரி, முழுச் சரியில்லை. ஸ்லைஸ் ஓட்டைகளை அப்படியே வைத்திருக்கும். டுசார்ட்டட் அவற்றை அன்டிஃபைண்டாக நிரப்பித் தரும். அரேயிலிருந்து கிளை பிரித்த கிளாஸ் என்றால் ஸ்லைஸ் அந்தக் கிளாஸையே தரும், டுசார்ட்டட் எப்போதும் சாதா அரேயைத் தரும்.

#9 · வெற்றுவரிசை

இதைத்தான் சொன்னேன். சின்ன அட்டுக்கே இந்தப் பட்டியல். என் 'கடைசி' ஃபங்ஷனுக்கு இந்தக் கவலை எதுவும் கிடையாது. அது ஸ்பெக்கின்படி நடப்பதாக யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை.

#10 · பழுப்புத்திரை

உங்கள் கோடில் மட்டும் அட் இருந்தால் அது நல்ல வழி, மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் இம்போர்ட் செய்த சார்ட் லைப்ரரி உள்ளே அட் கூப்பிட்டால் உங்கள் 'கடைசி' அங்கே போய் உதவுமா? பாலிஃபில்லின் பயனே அடுத்தவர் கோடும் ஓடும் என்பதுதான். அதனால்தான் கையால் எழுதாமல் கோர்-ஜேஎஸ் போன்ற ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொல்கிறேன். சுழல்நேசி சொன்ன ஒவ்வொன்றையும் அதில் யாரோ ஏற்கெனவே முட்டி மோதிச் சரிசெய்திருப்பார்கள்.

லைப்ரரி *எழுதுகிறவராக* இருந்தால் மட்டும் நான் வெற்றுவரிசையின் கட்சி. நம் பேக்கேஜை நிறுவியவரின் புரோட்டோடைப்பை அவரிடம் சொல்லாமல் மாற்றுவது அத்துமீறல். அங்கே உலகளாவிய மாற்றம் செய்யாத கோர்-ஜேஎஸ்-பியூர் வகைதான் சரி. பாலிஃபில் போடுவதா வேண்டாமா என்பது அப்ளிகேஷன் எழுதுகிறவரின் முடிவு.

#11 · இரவல்கோடு

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, இருந்தால் விட்டுவிடுவது போதாதா? கோர்-ஜேஎஸ் ஏன் அவ்வளவு பெரிதாக இருக்கிறது?

#12 · சுழல்நேசி

பெயர் இருந்தும் நடத்தை பிழையாக இருக்கும் பிரவுசர்கள் உண்டு, அதனால்.

எக்ஸ்ப்ளோரர் 8 வரை ஸ்ப்ளைஸுக்கு ஒரே ஒரு ஆர்க்யுமென்ட் கொடுத்தால் எதையும் நீக்காது. தரநிலைப்படி அந்த இடத்திலிருந்து கடைசிவரை நீக்க வேண்டும். சஃபாரி 12.0இல் ரிவர்ஸில் ஒரு விசித்திரமான பக்: கோடில் லிட்டரலாக எழுதிய அரேயை ரிவர்ஸ் செய்தால் அந்த லிட்டரலே திரும்பிப்போய்விடும், அடுத்த முறை அதே வரி ஓடும்போது தொடக்கமே தலைகீழாக இருக்கும். கோர்-ஜேஎஸ் அதை ஓட்டிப் பார்த்து, பிழை இருந்தால் மட்டும் மாற்றிவைக்கிறது.

சார்ட்டும் இப்படித்தான். சமமான உறுப்புகள் பழைய வரிசையிலேயே இருக்க வேண்டும் என்று எக்மாஸ்கிரிப்ட் 2019இல்தான் கட்டாயமானது. அதற்கு முன் க்ரோமில் பத்து உறுப்புவரை நிலையாக இருக்கும், பத்தைத் தாண்டினால் குவிக்சார்ட்டுக்கு மாறி வரிசை கலையும். 2018இல் வந்த க்ரோம் 70இல் சரிசெய்தார்கள். ஐந்து உறுப்பை வைத்து டெஸ்ட் எழுதியவருக்குப் பச்சை விளக்கு, நிஜத் தரவு வந்ததும் கலவரம்.

#13 · நள்ளிரவுபில்ட்

இத்தனை பேச்சு எதற்கு? பிரவுசரைப் பார்த்து அதற்கு வேண்டிய பாலிஃபில்களை மட்டும் அனுப்பும் சர்வீஸ் இருந்ததே. ஒரு ஸ்கிரிப்ட் டேக், வேலை முடிந்தது.

#14 · அரைப்புள்ளி

பாலிஃபில்.ஐஓ-வையா சொல்கிறீர்கள்? இன்னும் எங்காவது அந்த டேக் இருந்தால் இதை மூடிவிட்டு முதலில் போய் எடுங்கள். 2024 பிப்ரவரியில் அந்த டொமைன் கைமாறியது. ஜூனில் அதிலிருந்து வந்த ஸ்கிரிப்ட்டுக்குள் தீங்கான கோடு கண்டுபிடிக்கப்பட்டது. குறிப்பிட்ட மொபைல் பயனர்களை வேறு தளங்களுக்குத் திருப்பிவிட்டது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தளங்களில் அந்த டேக் இருந்தது. அதை முதலில் உருவாக்கியவரே எல்லோரும் நீக்கிவிடுங்கள் என்று கைமாறிய உடனேயே எச்சரித்திருந்தார்.

இன்டெக்ரிட்டி ஹேஷ் (ஃபைல் மாறியிருக்கிறதா என்று பிரவுசர் சரிபார்க்கும் குறி) போட்டிருந்தால் தடுத்திருக்கலாமே என்பார்கள். அந்த சர்வீஸில் அதற்கு வழியே இல்லை. பிரவுசருக்குப் பிரவுசர் வேறு ஃபைல் வரும் என்பதுதானே அதன் சிறப்பு. எந்த ஃபைலின் ஹேஷைப் போடுவீர்கள்? பாலிஃபில் என்பது பக்கத்தின் எல்லாக் கோடுக்கும் முன்னால் ஓடி, எல்லோரும் பயன்படுத்தும் மெத்தடை மாற்றுகிற ஒன்று. அதை உங்கள் சர்வரிலிருந்தே கொடுங்கள்.

#15 · நள்ளிரவுபில்ட்

எடுத்துவிட்டேன். ஒரு பழைய புராஜெக்டில் நிஜமாகவே இருந்தது. நன்றி.

#16 · இரவல்கோடு

அந்தப் பயனர்களை க்ரோம் நிறுவிக்கொள்ளச் சொன்னால் முடிந்துவிடாதா?

#17 · அரைப்புள்ளி

சஃபாரி 14 ஓடும் டேப்லெட்டில் முடியாது. அந்த ஐஓஎஸ் பதிப்புகளில் எந்தப் பிரவுசரை நிறுவினாலும் உள்ளே ஓடுவது ஆப்பிளின் வெப்கிட்தான், அதுவும் அந்த ஐஓஎஸ்ஸோடு வந்த பதிப்பு. ஐகான் மாறும், அட் வராது. அட் சஃபாரியில் 15.4இல்தான் வந்தது, ஃபைண்ட்லாஸ்டும் அதே பதிப்பில். டுசார்ட்டடுக்கு 16 வேண்டும்.

#18 · கோடுமுனி

எல்லோருக்கும் நன்றி. யூசேஜ் வைத்து ஓட்டிப் பார்த்தேன், டிராப்டவுனும் சரியாகிவிட்டது. பண்டில்தான் கொஞ்சம் வீங்குகிறது. மாட்யூல் (மாட்யூல் தெரிந்த பிரவுசருக்கு), நோமாட்யூல் (தெரியாததற்கு) என்று இரண்டு டேக் போட்டுப் புதிய பிரவுசர்களுக்குப் பாலிஃபில் இல்லாத பண்டிலைக் கொடுக்கலாமா?

இன்னொன்று. கியூரிசெலக்டர்ஆல் தரும் பட்டியலில் அட் இன்னும் எரர் தருகிறது. அதோடு பக்கத்தில் ஒரு ஐஃப்ரேம் உண்டு, அதிலிருந்து வரும் அரேயிலும் அப்படியே.

#19 · பழுப்புத்திரை

நோமாட்யூல் உங்களுக்கு உதவாது. சஃபாரி 14க்கு மாட்யூல் நன்றாகவே தெரியும், ஆகவே அது 'புதிய' பண்டிலைத்தான் எடுக்கும், மறுபடி அட் இல்லாமல் விழும். மாட்யூல் தெரிந்த பிரவுசர், தெரியாத பிரவுசர் என்ற பிரிவு 2018 வாக்கில் பயன்பட்டது. இன்று அந்தப் பிரிவு தவறான இடத்தில் விழுகிறது. வேண்டுமானால் மெயின் பண்டிலுக்கு முன்னால் அட், ஃபைண்ட்லாஸ்ட், டுசார்ட்டட் மூன்றும் இருக்கின்றனவா என்று பார்த்து, இல்லையென்றால் பாலிஃபில் ஃபைலை ஏற்றி, அது *ஓடி முடிந்த பிறகு* மெயினைத் தொடங்குங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் அசிங்காக விட்டால் எது முந்தும் என்று சொல்ல முடியாது. வேகமான நெட்டில் ஒரு நாள், மெதுவான நெட்டில் வேறொரு நாள். என்னைக் கேட்டால், வேண்டிய ஐந்தாறு மெத்தட்களை மட்டும் நேரடியாக இம்போர்ட் செய்து எல்லோருக்கும் அனுப்பிவிடுவேன். மிச்சமாகும் சில கிலோபைட்டுக்காக இவ்வளவு சாமர்த்தியம் தேவையில்லை.

கியூரிசெலக்டர்ஆல் தருவது நோட்லிஸ்ட், அரே அல்ல. அதன் புரோட்டோடைப் வேறு. அதில் ஃபார்ஈச் தனியாக உண்டு என்பதால் அரே என்று நம்பிவிடுகிறோம். புதிய பிரவுசரிலும் நோட்லிஸ்டில் அட் கிடையாது, ஓட்டிப் பாருங்கள். அரே.ஃப்ரம் வழியாக அரேயாக்கிவிட்டுக் கூப்பிடுங்கள்.

ஐஃப்ரேம் கதை வேறு. ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் சொந்த அரே, சொந்தப் புரோட்டோடைப். நீங்கள் மாற்றியது வெளிப்பக்கத்தினுடையதை மட்டும். உள்ளிருந்து நேரடியாக எடுத்த அரே உள்ளே இருக்கும் புரோட்டோடைப்பைத்தான் பார்க்கும். ஐஃப்ரேம் உங்களுடையது என்றால் அதிலும் பாலிஃபில்லை ஏற்றுங்கள்; இல்லையென்றால் வாங்கும் இடத்திலேயே அரே.ஃப்ரம். போஸ்ட்மெசேஜ் வழியாக வந்தால் இந்தத் தொல்லை இல்லை, வாங்கும் பக்கத்தில் புதிதாகவே உருவாகிறது.

#20 · சுழல்நேசி

டைப்ஸ்கிரிப்ட் இருந்தால் ஒரு சின்ன வேலை செய்யலாம். லிப் அமைப்பை இஎஸ்2021க்கு இறக்கிவையுங்கள். அட்டின் டைப் இஎஸ்2022இல்தான் இருக்கிறது, ஆகவே யாராவது அட் எழுதினால் கம்பைலரே கத்தும். பயனரின் டேப்லெட்டில் விழுவதற்குப் பதில் உங்கள் எடிட்டரில் சிவப்புக் கோடு. டைப்ஸ்கிரிப்டும் பேபல் மாதிரிதான், டார்கெட்டை எவ்வளவு இறக்கினாலும் மெத்தட்களைத் தானாகச் சேர்க்காது. சிலர் சேர்க்கும் என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

#21 · வெற்றுவரிசை

இது எனக்குப் பிடித்த வழி. பாலிஃபில் போடுவதற்கு முன், அந்த மெத்தட் நமக்கு உண்மையிலேயே வேண்டுமா என்று ஒரு தரம் யோசிக்க வைக்கிறது. லெங்த்தில் ஒன்று கழித்து எடுப்பது எந்தப் பிரவுசரிலும் தோற்றதில்லை.

#22 · இரவல்கோடு

கடைசியாக ஒரு சந்தேகம். அரேயின் அட்டைச் சேர்த்தால் ஸ்டிரிங்குக்கும் டைப்ட் அரேக்கும் சேர்ந்தே வந்துவிடுமா? தமிழ்ப் பெயர்களின் முதல் எழுத்தை அட் வைத்து எடுக்க நினைத்திருக்கிறேன்.

#23 · சுழல்நேசி

வராது. மூன்றுக்கும் மூன்று புரோட்டோடைப். கோர்-ஜேஎஸ்ஸிலும் தனித்தனி இம்போர்ட்தான்.

ஸ்டிரிங்கின் அட், எழுத்தை எண்ணுவதில்லை, கோட் யூனிட்டை (ஸ்டிரிங்கைச் சேமிக்கும் 16 பிட் அலகை) எண்ணும். 'நிலா'வில் அட் பூஜ்ஜியம் கேட்டால் 'ந' மட்டும் வரும், இகரக் குறி அடுத்த இண்டெக்ஸில் இருக்கும். அது பாலிஃபில்லின் பக் அல்ல, நேட்டிவ்வும் அதையேதான் தரும். உங்களுக்கு வேண்டியது, முழு எழுத்துகளாகப் பிரித்துத் தரும் இன்டல்.செக்மென்டர். சஃபாரியில் அது 14.1இல் வந்தது, ஆக கோடுமுனியின் பயனர்களில் 14.0இல் நிற்பவர்களுக்கு அதுவும் கிடையாது.